ஹாக்கி பார்க்கப் போக யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி:

எனக்கு வயது 59. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதி, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். என் கணவர் இறந்து வருகிற மே மாதத்தோடு இரண்டு ஆண்டுகள் முடிகின்றன. ஒரே மகன், பெங்களூரில் வேலை.

அவர் வாலிபத்தில் ஹாக்கி ஆடியவர். கல்யாணமான புதிதில் என்னையும் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அன்றிலிருந்து ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடினாலும் சரி, வெளிமாநில அணிகள் வந்து ஆடினாலும் சரி, இருவரும் போய்விடுவோம். மே மாதம் அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் இரவுச் சமையலே கிடையாது. ஆட்டம் முடிந்து வரும் வழியில் புரோட்டா வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அவர் போன பிறகு நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வற்புறுத்தி அழைத்துப் போனாள். அவள் பள்ளி அணியில் ஆடுகிறவள். எதிரணி தன் கோல் பக்கம் செய்த தவறுக்காக, கோல் அடிக்கத் தரும் வாய்ப்பான பெனால்டி கார்னர் கிடைத்தது. கோட்டிலிருந்து தள்ளிவிட்ட பந்து வேகமாக வந்தது. கோல் முன்னே வரைந்த வட்டத்துக்கு வெளியே நின்ற பையன் அதை ஒரு சிறு துள்ளல்கூட இல்லாமல் மட்டையில் நிறுத்தினான் பாருங்கள், நான் கோல் விழும் முன்பே எழுந்து நின்று கத்திவிட்டேன். ஆட்டம் முடியும்வரை வேறு நினைவே இல்லை. வீட்டுக்கு வந்து விளக்கேற்றியபோது அவர் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் பார்க்க வேண்டிய ஆட்டத்தை நான் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டேன் என்று நெஞ்சு அடைத்தது.

விஷயம் தெரிந்து என் மதினி, கணவரின் அக்காள், "தாலி இறங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை, ஆம்பிளைகள் கூட்டத்தில் நின்று கைதட்டினாயாமே, ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார். மகனோ, "உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது, பெரிய டிவி வாங்கித் தருகிறேன், வீட்டிலேயே பாருங்கள்" என்கிறான்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். சில இரவுகள் தவிர நன்றாகத் தூங்குகிறேன். எங்கள் தெரு மகளிர் குழுவுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அவரை நினைத்து அழுகிறேன். என் மனத்தில் ஏதும் கோளாறா? டிவியில் பார்த்தால் போதாதா? இந்த மே மாதப் போட்டி நாட்களில்தான் அவருடைய வருஷத் திதி வருகிறது. அன்றைக்கு ஆட்டம் பார்க்கப் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனத்தில் எந்தக் கோளாறும் இல்லை. உண்கிறீர்கள், உறங்குகிறீர்கள், தெருப் பெண்களின் பணத்துக்குப் பொறுப்பாகக் கணக்குப் பார்க்கிறீர்கள், கணவரை நினைத்து அழவும் செய்கிறீர்கள். இப்படி இருக்கிற ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் ஹாக்கி பார்த்து எழுந்து நின்று கத்தினால், அதற்கு மருத்துவத்தில் எந்த நோய்ப் பெயரும் கிடையாது.

துக்கம் என்பது நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, முழுவதும் தீர்ந்த பிறகுதான் சந்தோஷத்துக்கு இடம் வரும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இந்த நம்பிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். துணையை இழந்தவர்களின் மனம் அப்படி நடந்துகொள்வதில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் என்ற இரு உளவியலாளர்கள் 1999-ல் இதைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். இழந்தவரின் மனம் இரண்டு பக்கமும் போய் வருகிறது என்பதே அதன் சாரம். ஒரு நேரம் இழப்புக்குள் இருக்கிறது, படத்தைப் பார்க்கிறது, பழையதை நினைக்கிறது, அழுகிறது. இன்னொரு நேரம் பிழைப்பின் பக்கம் வருகிறது, மின்கட்டணம் கட்டுகிறது, புதிய பழக்கங்களைக் கற்கிறது, துக்கத்திலிருந்து சற்று விலகி இளைப்பாறவும் செய்கிறது. இந்தப் போக்குவரத்து இருப்பதால்தான் மனிதரால் பெரிய இழப்பைத் தாங்க முடிகிறது. மைதானத்தில் கைதட்டியதும், அன்று இரவே விளக்கின் முன் நெஞ்சு அடைத்ததும் ஒரே ஆரோக்கியமான மனம் செய்த இரண்டு வேலைகள்.

இன்னொரு ஆய்வையும் சொல்கிறேன். 1997-ல் டேக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள், கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதம் ஆனவர்களை உட்காரவைத்து, இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி, அப்போது அவர்கள் முகத்தில் என்ன தெரிகிறது என்று கவனித்தார்கள். பேச்சின் நடுவே கண்ணும் சேர்ந்து மலர உண்மையாகச் சிரித்தவர்களிடம் கோபமும் மன உளைச்சலும் குறைவாகக் காணப்பட்டன. சிரித்ததால் அவர்கள் அன்பு குறைந்தவர்கள் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. நம் வீடுகளில்தான் அப்படிச் சொல்கிறோம்.

ஆனால் ஆய்வுகளைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்துவதோடு நிறுத்த எனக்கு விருப்பமில்லை. உங்கள் கடிதத்திலேயே இருக்கிற ஒன்றை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

"அவர் பார்க்க வேண்டிய ஆட்டத்தை நான் பார்த்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாக்கியே அவருடைய சொத்து போலவும், நீங்கள் அதை அவருக்குத் தெரியாமல் எடுத்து அனுபவித்துவிட்டது போலவும் ஒரு குற்றவுணர்வு அந்த வரியில் தெரிகிறது. அதற்கு முந்தைய வரிகளைப் படியுங்கள். பெனால்டி கார்னரில் எல்லோர் கண்ணும் கோல் அடிக்கப்போகிறவன் மேல் இருக்கும். நீங்கள் பந்தை நிறுத்தியவனைப் பார்த்திருக்கிறீர்கள். கோல்கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் நின்று ஒருவன் பந்தைத் தள்ளிவிட, வட்டத்துக்கு வெளியே குனிந்து நிற்கிற இன்னொருவன் அதைத் தரையோடு தரையாக நிறுத்த, மூன்றாமவன் இழுத்து வீசுகிறான். எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. எதிரணியின் நான்கு பேரும் கோல்கீப்பரும் அதற்குள் பாய்ந்து வருகிறார்கள். பந்து அங்கே ஒரு விரல்கடை துள்ளினாலும் அந்த வாய்ப்பு போய்விடும். கோல் விழுந்தால் பெயர் வீசியவனுக்குப் போகும். நிறுத்தியவன் பெயரை அறிவிப்பாளர்கூடச் சொல்லமாட்டார். அந்தப் பையனுடைய வேலையின் சுத்தத்துக்காக, கோல் விழும் முன்பே, நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

இது கணவர் கூப்பிட்டதற்காகத் துணைக்குப் போய் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கண் இல்லை. ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் தானாகத் தேர்ந்த ரசிகையின் கண். வாசல்வரை அழைத்துப் போனவர் அவர். உள்ளே போய் எதைப் பார்ப்பது, எதற்கு வியப்பது என்பதை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேறு எதையோ ரசித்திருக்கலாம். வரும் வழியில் புரோட்டாப் பொட்டலத்தோடு நடக்கும்போது இருவரும் அதைப் பற்றி வாதாடியும் இருப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு அந்தச் சந்தோஷம் அவரிடமிருந்து இரவல் வந்ததில்லை. அவர் போனதும் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை.

துணையை இழந்த பெண்கள் பலர், பாட்டு, பயணம், சீட்டாட்டம், தோட்டம் என்று இருவரும் சேர்ந்து செய்த ஒவ்வொன்றையும் போனவர் பெயரில் எழுதிவைத்துவிட்டுத் தம் கைகளைக் காலியாக வைத்துக்கொள்கிறார்கள். அதில் தம் பங்கு எவ்வளவு என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. உங்களிடம் நான் கேட்பது அந்தக் கணக்கை மட்டும் ஒருமுறை நேர்மையாகப் பாருங்கள் என்பதுதான். கணக்குப் பார்ப்பது உங்களுக்குப் பழகிய வேலை.

இனி உங்கள் மதினியின் கேள்வி. அதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை. அதே மைதானத்தில் மனைவியை இழந்த ஆண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? அவர்களைப் பார்த்து ஊர், "பாவம், மனத்தை மாற்றிக்கொள்ள வந்திருக்கிறார்" என்றுதான் சொல்லும். அதையே ஒரு பெண் செய்தால் தாலி இறங்கிய மாதக்கணக்குப் பார்க்கப்படுகிறது. பூவையும் வண்ணப் புடவையையும் கல்யாண வீட்டு முன்வரிசையையும் பறித்தது போதாதென்று, கைதட்டலையும் பறிக்கப் பார்க்கிற வழக்கத்துக்கு நான் எந்த மரியாதையும் தரமாட்டேன். ஆனால் உங்கள் மதினியை இந்த வழக்கத்தோடு சேர்த்து வெறுத்துவிடாதீர்கள். அவர் தம்பியை இழந்தவர். உங்கள் சந்தோஷத்தைக் கேள்விப்பட்டபோது, தம்பியை எல்லோரும் மறந்துவிடப் போகிறார்கள் என்ற பயம் அவருக்கு வந்திருக்கலாம். அந்தப் பயத்தைச் சொல்ல அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் ஊரும் தாலியும்தான்.

அவரோடு வாதம் செய்ய வேண்டாம். அனுமதியும் கேட்க வேண்டாம். இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. "மதினி, இன்றைக்கு மைதானத்துக்குப் போகிறேன், எட்டு மணிக்கு வந்துவிடுவேன்" என்று தகவலாகச் சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தாமல், உயர்த்தாமல் சொல்லுங்கள். முதல் இரண்டு முறை முகம் திருப்புவார். பிறகு ஒருநாள் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டாலும் கேட்பார். கேட்காவிட்டாலும் நீங்கள் போய்வந்திருப்பீர்கள்.

மகனின் பெரிய டிவிக்கு வருவோம். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் கவலையைப் பொருளாக மாற்றி அனுப்புவது வழக்கம், அதில் அன்பு இருக்கிறது. வாங்கித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையிலும் மதுரையிலும் 2025 இறுதியில் 24 அணிகளோடு நடந்த இளையோர் உலகக் கோப்பை போன்ற போட்டிகளுக்கு எல்லோராலும் நேரில் போக முடியாது. அதற்கெல்லாம் டிவி நல்லதுதான். ஆனால் அது மைதானத்துக்கு ஈடாகாது என்பதை மகனுக்கு விளக்குங்கள். இதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

டிவியில் கேமரா பந்தின் பின்னால் ஓடுகிறது. எதைப் பார்ப்பது என்று வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார். மைதானத்தில் உங்கள் கண்ணுக்கு நீங்களே எஜமானி. பந்து ஒரு கோடியில் இருக்கும்போது மறுகோடியில் தனியாக நிற்கிற கோல்கீப்பர் என்ன செய்கிறான் என்று பார்க்கலாம். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்தரையின் ஈரவாசம், கோலுக்குள் இருக்கிற பலகையில் பந்து மோதும் சத்தம், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல், இவற்றை எந்தத் திரையும் தராது. வீட்டில் உட்கார்ந்தால் குக்கர் கூப்பிடும், கைபேசி கூப்பிடும், வாசல் மணி கூப்பிடும். கேலரியில் உட்கார்ந்த 60 நிமிட ஆட்டத்தில் உங்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வாழ்நாள் முழுக்க வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பதில் சொல்லியே பழகிய ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்று உங்கள் மகனுக்கு இன்னும் தெரிந்திருக்காது.

கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது உடலுக்குள்ளேயே ஒன்றைச் செய்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ரசிகர்களை வைத்து நடத்தி 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், அரங்கத்தில் நேரில் பார்த்தவர்களின் இதயத் துடிப்பையும், சிறு குழுவாக டிவியில் பார்த்தவர்களின் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். நேரில் பார்த்தவர்களின் துடிப்புகள் ஒன்றோடொன்று கூடுதலாக ஒத்துப்போயின. இதே துறையில் ஸ்பெயினின் சான் பெத்ரோ மான்ரிகே என்ற கிராமத்தில் நடக்கும் தீமிதித் திருவிழாவை அளந்த 2011-ஆம் ஆண்டு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தணலில் நடந்தவரின் இதயத் துடிப்போடு, வெளியே நின்று பார்த்த உறவினர்களின் துடிப்பும் சேர்ந்து ஏறி இறங்கியது. தொடர்பில்லாத பார்வையாளர்களிடம் அது தெரியவில்லை. நம் ஊர்களில் மாரியம்மன் கோயில் பூக்குழி பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பாக இருக்காது. தன் வீட்டுப் பிள்ளை இறங்கும்போது தாய்க்குக் கால் சுடுகிறது. உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து, தெரிந்த ஊர்ப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கிறபோது உங்களுக்குள் நடப்பதும் இதற்கு அருகில் உள்ளதுதான்.

இங்கிலாந்தில் 16 முதல் 85 வயது வரையுள்ள 7,209 பேரின் விவரங்களை ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2023-ல் வெளியிட்ட முடிவும் உண்டு. விளையாட்டை நேரில் போய்ப் பார்க்கிறவர்களிடம் வாழ்க்கை மீதான திருப்தி கூடுதலாகவும் தனிமையுணர்வு குறைவாகவும் இருந்தன. பெரிய லீக் ஆட்டங்களோடு கிராமத்து அணிகள் ஆடுகிற இலவச ஆட்டங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே மகிழ்ச்சியாக, நண்பர்களோடு இருப்பவர்கள்தான் அதிகமாக மைதானத்துக்குப் போகிறார்களோ என்ற சந்தேகத்தை இந்த வகை ஆய்வால் முழுதாகத் தீர்க்க முடியாது. அதனால் இதை மருந்துச் சீட்டாக நீட்டமாட்டேன். ஆனால் ஆலோசனை அறையில் நாங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் ஒரு முறையோடு இது ஒத்துப்போகிறது. மனச்சோர்வில் இருப்பவர் உற்சாகம் வந்த பிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தால் உற்சாகம் வருவதே இல்லை, பிடித்த சிறு காரியங்களை நாள் குறித்துச் செய்யத் தொடங்கினால் மனம் பின்னாலேயே வந்து சேர்கிறது என்று 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் எடுத்துக்காட்டினார். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் இன்றும் அது பயன்படுகிறது. உங்களுக்கு மனச்சோர்வு இருப்பதாக நான் சொல்லவில்லை. அது அண்டாமல் இருக்கவும் இது உதவலாம்.

உங்களுக்கு இன்னொரு நல்வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் இருப்பது கோவில்பட்டியில். தமிழ்நாட்டில் ஹாக்கி என்றால் சொல்லப்படும் முதல் சில பெயர்களில் உங்கள் ஊரும் ஒன்று. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் இடம்பிடித்த மாரீஸ்வரன் சக்திவேல் உங்கள் ஊர்க்காரர். அவரோடு தேர்வான கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர், உங்கள் ஊர் விளையாட்டு விடுதியில் பயின்றவர். அந்தப் பிள்ளைகளை நீங்களும் உங்கள் கணவரும் பெயர் தெரியாத சிறுவர்களாக இருக்கும்போதே பார்த்திருக்கக்கூடும். அடுத்த ஆண்டே சென்னை எழும்பூர் மைதானத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவர் கார்த்தி. அதே மலேசியாவிடம் இறுதிப்போட்டியில் இடைவேளையின்போது 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, 4-3 என்று வென்றது. அன்று எழும்பூரில் இருந்தவர்கள் இன்றும் அதைச் சொல்லி மாளவில்லை. ஆனால் அந்த மாதிரி இரவு எப்போதோ ஒருமுறை வருவது. சந்தோஷத்தை அதை நம்பி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுக்கக் காத்திருக்க வேண்டும். பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டம், காலை நேரப் பயிற்சி, யாருமே பார்க்க வராத லீக் சுற்று ஆட்டம், இவைதான் வாரத்தை நிரப்பும். சாதாரண ஆட்டத்தில்தான் பந்தை நிறுத்துகிற பையனைப் பார்க்க முடியும். இறுதிப்போட்டியில் கோப்பை எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

எதிர்பார்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு நல்ல அனுபவத்துக்குக் காத்திருக்கும் நாட்களே மனத்துக்கு இதமானவை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி நாட்காட்டியில் அடுத்த ஆட்டம் நடக்கும் தாளை மடித்துவையுங்கள். துணையை இழந்தவர்களுக்கு வருகிற நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி நீண்டு கிடக்கும். நடுவில் மடித்த தாள் ஒன்று இருந்தால் அந்த வாரத்துக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் போயே தீர வேண்டும் என்று விரதம் எடுத்துக்கொள்ளாதீர்கள். மனம் இல்லாத நாளில் வீட்டிலேயே இருங்கள். ரசனையைக் கடமையாக்கினால் அதுவும் இன்னொரு அலுவலகமாகிவிடும்.

ரத்த அழுத்தத்தைப் பற்றி மகன் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனியின் மியூனிக் பகுதியில், ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயம் தொடர்பான அவசரச் சிகிச்சைகள் வழக்கத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கூடின. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகமாக இருந்தது. அவர்கள் எல்லோரும் மைதானத்தில் இருந்தவர்கள் இல்லை, டிவி முன் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே டிவி பாதுகாப்பு, மைதானம் ஆபத்து என்று பிரிக்க முடியாது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இதைக் கேட்டுவிடுங்கள். மாத்திரையை விடாமல் போடுங்கள், மே மாத வெயிலில் தண்ணீர் கொண்டுபோங்கள், கேலரியில் கைப்பிடி உள்ள பக்கமாக உட்காருங்கள். மகன் கேட்டால் மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுங்கள், அவருக்கும் நிம்மதி.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். உங்களை அழைத்துப் போக அவளுக்குத் தோன்றியது சாதாரணமான காரியம் இல்லை. அவளுக்கும் உங்களால் பயன் உண்டு. ஆட்டத்தை இத்தனை நுட்பமாகப் பார்க்கிற பெரியவர் ஒருவர் கேலரியில் இருந்து, "இன்றைக்கு நீ இரண்டாவது பாதியில் இடத்தை விட்டு நகர்ந்துவிட்டாய்" என்று சொன்னால் அந்த வயதுப் பெண்ணுக்கு அது பெரிய பலம். பெண்பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களுக்குப் பார்வையாளர்கள் எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும். மகளிர் குழுவில் இருந்து இரண்டு பேரைச் சேர்த்து அழைத்துப் போனால், "ஆம்பிளைகள் கூட்டம்" என்ற பேச்சும் எழாது.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். பல வாரங்கள் தொடர்ந்து உறக்கம் கெட்டாலோ, உணவு இறங்காமல் போனாலோ, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் போனாலோ, இருந்து என்ன பயன் என்ற நினைவு வந்தாலோ அப்போது தனியாகச் சமாளிக்க வேண்டாம். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416-ல் இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். இன்று உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதையும் நான் காணவில்லை. பின்னால் எப்போதாவது தேவைப்பட்டால் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக வருஷத் திதி. போகலாம் என்றோ கூடாது என்றோ நான் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. அது உங்களுடைய நாள். திதி கொடுப்பது, படையல், காக்கைக்குச் சோறு வைப்பது, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் காலையிலும் நண்பகலிலும் முடிந்துவிடும். ஆட்டம் மாலையில். அந்த மாலையில் உங்கள் மனம் எப்படி இருக்கும் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம், யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மட்டும், "அன்றைக்கு வருவேனா மாட்டேனா என்று ஐந்து மணிக்குச் சொல்கிறேன், நீ எனக்காகக் காத்திருக்காதே" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஐந்து மணிக்குப் படுத்துக்கொள்ளத் தோன்றினால் படுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் தேறிவிட்டதாக யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. புறப்படத் தோன்றினால் புறப்படுங்கள், துக்கம் குறையவில்லை என்றும் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. பாதி ஆட்டத்தில் அழுகை வந்தால் எழுந்து வெளியே வந்து, முகம் கழுவி, விருப்பமிருந்தால் மறுபடி உள்ளே போகலாம். அன்று மதினி வீட்டில் இருப்பார் என்பதால், மாலையில் வெளியே போனாலும் போவேன் என்பதைக் காலையிலேயே அவர் காதில் போட்டுவிடுங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அதைச் சொல்லி இருவரும் சங்கடப்பட வேண்டாம்.